வெங்காயப் பூவில் மியாசிஸ்: குரோமோசோம்கள் பிரிவதை நேரில் பார்ப்பது எப்படி?

மியாசிஸ் என்பது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பகுப்பு, தமிழில் குன்றல் பகுப்பு. அந்தப் பெயரைச் சொன்னதும் மாணவர்கள் ஒப்பிப்பது அதன் தொடக்கக் கட்டமான ப்ரோஃபேஸின் ஐந்து நிலைகளை: லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ். வரிசை பிசகாமல் வரும். "சரி, முதல் அனாஃபேஸில் ஒரு துருவத்துக்குப் போகிற குரோமோசோமில் எத்தனை குரோமாட்டிட் இருக்கும்?" என்று கேட்டால் பாதிப் பேர் ஒன்று என்பார்கள், பாதிப் பேர் இரண்டு என்பார்கள். (குரோமாட்டிட் என்பது இரட்டிப்பான குரோமோசோமின் இரு பிரதிகளில் ஒன்று; அனாஃபேஸ் என்பது குரோமோசோம்கள் பிரிந்து செல்லின் இரு முனைகளுக்கு, அதாவது துருவங்களுக்கு, இழுபடும் நிலை.) இரண்டு என்று சரியாகச் சொன்னவர்களிடம் "ஏன்?" என்று கேட்டால் பதில் இருக்காது.

கல்லூரியில் தாவரவியல் பிராக்டிகல் எடுக்கிறவள் என்ற முறையில் நான் சொல்வது இதுதான். பெயர்களைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இப்போது எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எந்தப் பிடி விடப்போகிறது? இந்தக் கேள்வியோடு ஒரு வெங்காயப் பூ மொட்டை நசுக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர்களுக்குக் குன்றல் பகுப்பு மறக்காது. அதை எப்படிச் செய்வது என்று முழுதாகச் சொல்கிறேன்.

முதலில், ஏன் வெங்காயம்? வெங்காயத்தின் செல்லில் 16 குரோமோசோம்கள், அதாவது 8 ஜோடி. எண்ணுவதற்குத் தோதான எண்ணிக்கை. அதோடு ஒவ்வொன்றும் பெரிது. வெங்காயத்தின் ஒரு தொகுதி டி.என்.ஏ.வில் சுமார் 1,600 கோடி எழுத்துகள்; நம்முடையதில் சுமார் 300 கோடிதான். அவ்வளவையும் எட்டே குரோமோசோம்களில் சுருட்டி வைத்திருப்பதால், கல்லூரியில் இருக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே கையும் காலுமாகத் தெரியும். சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும் இதில் ஒன்றுதான். பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் விதைக்காக விட்டிருக்கும் வயல் ஏதாவது தெரிந்தால் கேட்டு வாங்குங்கள். நான்கைந்து பூத்தண்டு ஒரு வகுப்புக்கே போதும்.

பல கல்லூரிகளில் வெங்காயத்துக்குப் பதில் ரியோ செடியைப் பயன்படுத்துகிறார்கள். இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்குமே, தொட்டிகளில் வைப்பார்களே, அதுதான். வருடம் முழுக்கப் பூக்கும், 12 குரோமோசோம்கள்தான், அவையும் பெரியவை. ஆனால் முதல் முறை பார்க்கிறவர்களுக்கு அதைக் கொடுக்காதீர்கள் என்பேன். ரியோவில் குரோமோசோம்களின் முனைகள் ஒன்றுக்கொன்று இடம் மாறிக் கிடப்பதால் ஜோடி ஜோடியாகச் சேராமல் 12-ம் முனையோடு முனை கோத்து ஒரே வளையமாகவோ சங்கிலியாகவோ நிற்கும். அருமையான காட்சிதான், ஆனால் அது விதிவிலக்கு. முதலில் ஒழுங்காக ஜோடி சேர்வதைப் பாருங்கள். ரியோவை அப்புறம் பார்க்கலாம்.

இனி மொட்டு பறிப்பது. வெங்காயப் பூங்கொத்தை ஆரம்பத்தில் ஒரு மெல்லிய வெள்ளை உறை மூடியிருக்கும். அந்த உறை கிழியப்போகிற நேரம், அல்லது இப்போதுதான் கிழிந்திருக்கிற நேரம், அதுதான் நமக்கு வேண்டியது. பூக்கள் வெள்ளையாக விரிந்து தேனீ வரத் தொடங்கிவிட்டதென்றால் அந்தப் பூக்களில் மகரந்தத்தூள் முதிர்ந்து வேலை முடிந்துவிட்டது. காலையில், வெயில் ஏறுவதற்கு முன் பறியுங்கள். ஒரே கொத்தில் பல வயது மொட்டுகள் கலந்திருக்கும் என்பதுதான் வெங்காயத்தின் பெரிய வசதி. ஒரு கொத்தை வைத்துக்கொண்டே எல்லா நிலைகளையும் தேடிப் பிடிக்கலாம்.

பறித்த இடத்திலேயே மொட்டுகளை நிலைநிறுத்தும் திரவத்தில் போட வேண்டும். மூன்று பங்கு சுத்த ஆல்கஹால், ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம். அன்றன்றைக்குக் கலந்ததாக இருக்கட்டும். நேற்று கலந்தது வேலைக்கு ஆகாது. மொட்டுகள் மூழ்கினால் மட்டும் போதாது, மொட்டின் கனஅளவைப் போல் பத்து மடங்காவது திரவம் இருக்க வேண்டும். 24 மணி நேரம் கழித்து 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் பல வாரம் தாங்கும். கிளேசியல் அசிட்டிக் அமிலம் தோலைச் சுடும், ஆவி கண்ணையும் மூக்கையும் அரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

சாயம் அசிட்டோகார்மைன். 45 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலத்தை 55 மில்லி தண்ணீரில் ஊற்றி, ஒரு கிராம் கார்மைன் பொடியைச் சேர்த்து, மெல்லிய சூட்டில் கொதிக்கவிட்டு, ஆறவைத்து வடிகட்டி, பழுப்பு நிற பாட்டிலில் ஊற்றி வையுங்கள். கொதிக்கவைப்பதை ஆய்வகத்தில் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டியில் (ஃபியூம் ஹூட்) வைத்துத்தான் செய்ய வேண்டும். இந்தச் சாயத்தில் துளி இரும்பு சேர்ந்தால் குரோமோசோம்கள் கருஞ்சிவப்பாக எடுத்துக் காட்டும். 1920-களில் ஜான் பெல்லிங் மகரந்தத் தாய் செல்களை, அதாவது மியாசிஸ் நடந்து மகரந்தத்தூளாகப் போகிற செல்களை, பார்க்கப் பரவலாக்கிய முறை இது. தனியாக இரும்பு உப்பு தேட வேண்டாம். சாயத்துளியில் மகரந்தப்பையை இரும்பு ஊசியால் குத்தி நசுக்கினாலே ஊசியிலிருந்து கரைகிற இரும்பு போதும். அதனால் இந்த வேலைக்குத் துருப்பிடிக்காத எஃகு ஊசியை விடப் பழைய இரும்பு ஊசி மேல்.

இப்போது பொறுமை வேண்டிய இடம். வாட்ச் கிளாஸில் மொட்டுகளைக் கொட்டி, அளவு வாரியாகப் பிரித்து வையுங்கள். நடுத்தர அளவில் ஒன்றை எடுத்து இதழ்களை விலக்கினால் ஆறு மகரந்தப்பைகள் இருக்கும். நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாக, கெட்டியாக இருந்தால் உள்ளே மகரந்தத்தூள். அந்த மொட்டை விட்டுவிட்டு இன்னும் சின்னதாக எடுங்கள். கண்ணாடி போல் லேசாக ஊடுருவித் தெரிகிற, வெளிறிய பச்சையாக இருக்கும் பைகள்தான் நமக்கு. ஆறில் ஒன்றை மட்டும் நசுக்கிப் பாருங்கள். ஒரு பைக்குள் இருக்கும் செல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பகுப்படைவதால், அந்த ஒன்றே மற்ற ஐந்தின் நிலையைச் சொல்லிவிடும். உள் வட்டத்து மூன்று பைகள் வெளி வட்டத்து மூன்றை விடச் சற்று முந்தி இருக்கலாம், அதையும் சாதகமாக்கிக்கொள்ளலாம்.

நசுக்குவது இப்படி. ஸ்லைடில் ஒரு சொட்டு சாயம், அதில் ஒரு மகரந்தப்பை. ஊசியால் குறுக்கே வெட்டி மெதுவாகத் தட்டினால் உள்ளிருக்கும் செல்கள் மாவு மாதிரி வெளியே வரும். பையின் தோலை, அதாவது கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொரு துணுக்கையும், பொறுக்கி எறிந்துவிடுங்கள். ஒரு துணுக்கு கிடந்தாலும் கவர் கிளாஸ் சமமாக உட்காராது. கவர் கிளாஸை வைத்து, ஸ்லைடை ஸ்பிரிட் விளக்கின் மேல் இரண்டு மூன்று முறை காட்டுங்கள். புறங்கையில் வைத்தால் பொறுக்கும் சூடு போதும். கொதித்தால் செல்கள் சுருங்கிவிடும். பிறகு ஸ்லைடை மடித்த ஃபில்டர் பேப்பருக்குள் வைத்து, கட்டைவிரலால் நேராக மேலிருந்து அழுத்துங்கள். கவர் கிளாஸ் பக்கவாட்டில் நகரவே கூடாது. நகர்ந்தால் செல்கள் உருண்டு குரோமோசோம்கள் எல்லாம் கயிறாகத் திரிந்துவிடும்.

முதலில் 10-ஆம் லென்ஸில் ஸ்லைடு முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பெரிய, உருண்டையான, உள்ளே அடர்த்தியான செல்கள்தான் மகரந்தத் தாய் செல்கள். ஓரங்களில் சின்னச் சின்னதாக, செங்கல் வடிவில் தெரிபவை பையின் சுவர் செல்கள். அவற்றில் நடப்பது சாதாரண மைட்டாசிஸ், குரோமோசோம் எண்ணிக்கை மாறாத பகுப்பு. அதைப் பார்த்து மியாசிஸ் என்று ரெக்கார்டு நோட்டில் வரைந்துவிடாதீர்கள்.

எந்த நிலையிலிருந்து பார்க்கத் தொடங்குவது? புத்தக வரிசைப்படி லெப்டோட்டீனிலிருந்து தொடங்கினால் நூல்கண்டு மாதிரி ஒன்று தெரியும், ஒன்றும் புரியாது. நான் எப்போதும் முதல் மெட்டாஃபேஸிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். செல்லின் நடுவே எட்டு உருவங்கள் வரிசையாக நிற்கும். 40-ஆம் லென்ஸுக்கு மாறுங்கள். எட்டுதான் இருக்கிறதா என்று எண்ணுங்கள், பதினாறு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஜோடி. இரண்டு குரோமோசோம், நான்கு குரோமாட்டிட். சில ஜோடிகள் வளையமாக இருக்கும், சில கோல் போல நீண்டிருக்கும். வளையம் என்றால் குரோமோசோமின் இரண்டு புயங்களிலும் (கைகளிலும்) குறுக்கேற்றம், அதாவது இணைகளுக்கிடையே துண்டு மாற்றம், நடந்திருக்கிறது. கோல் என்றால் ஒரு புயத்தில் மட்டும். வளையத்தின் மேல் நுனியும் கீழ் நுனியும் கூராக இழுபட்டிருப்பதைப் பாருங்கள். அந்த நுனிகளில்தான் சென்ட்ரோமியர்கள், அதாவது இழுக்கும் இழைகள் மாட்டும் இடங்கள். ஒன்றைக் கதிர்கோல் இழைகள் மேலே இழுக்கின்றன, மற்றதைக் கீழே. ஆனால் ஜோடி இன்னும் பிரியவில்லை.

எது பிடித்திருக்கிறது? இங்கேதான் ப்ரோஃபேஸுக்குத் திரும்ப வேண்டும். அடுத்தடுத்த சின்ன மொட்டுகளில் பாக்கிட்டீனைத் தேடுங்கள். தடித்த நூல்கள் தெரியும். ஒவ்வொரு நூலும் உண்மையில் தாயிடமிருந்து வந்த குரோமோசோமும் தந்தையிடமிருந்து வந்த அதன் இணையும் நீளவாக்கில் ஒட்டிக்கொண்டது. அவற்றை ஒட்ட வைத்திருக்கும் புரதக் கட்டுமானத்தை 1956-இல் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் முதலில் காட்டியவர்கள் மாண்ட்ரோஸ் மோசஸும் டான் ஃபாசெட்டும். இதற்கு முன்பே செல் தன் டி.என்.ஏ.வைத் தானே பல இடங்களில் வெட்டத் தொடங்கியிருக்கும். அந்த வெட்டுகளைச் சரிசெய்யும்போதுதான் சில இடங்களில் ஒரு குரோமாட்டிட்டின் துண்டும் இணையின் குரோமாட்டிட் துண்டும் கை மாறுகின்றன. டிப்ளோட்டீனில் இணைகள் விலக முயலும். விலக முடியாமல் குறுக்கே தைத்தாற்போல் நிற்கும் இடங்கள் தெரியும். அவைதான் கயாஸ்மாக்கள். அந்த இடங்களில் துண்டுகள் உண்மையாகவே மாறியிருக்கின்றன என்று 1909-இல் ஜான்சென்ஸ் சொன்னார். 1931-இல் ஹேரியட் கிரெய்டனும் பார்பரா மெக்ளின்டாக்கும் மக்காச்சோளத்தில் நிரூபித்தார்கள்.

ஆனால் துண்டு மாறியது மட்டுமே ஜோடியைப் பிடித்துவைக்காது. ஒரு குரோமோசோமின் இரண்டு குரோமாட்டிட்களையும் நீளம் முழுக்க கொஹீசின் என்ற புரத வளையங்கள் சேர்த்துக் கட்டியிருக்கின்றன. துண்டு மாறிய இடத்துக்கு அப்பால் இருக்கும் பகுதியில் இந்தக் கட்டு, இப்போது ஒரு குரோமோசோமின் குரோமாட்டிட்டை மற்ற குரோமோசோமோடு சேர்த்துக் கட்டிவிட்டது. ஆக, பிடிப்பு இரண்டு சேர்ந்தது: கயாஸ்மா, அதற்கு அப்பால் உள்ள புயத்தில் கொஹீசின். இதை ஒருமுறை தாளில் இரண்டு நிறப் பேனாவால் வரைந்து பாருங்கள். வரையாமல் புரியாது.

இந்தப் பிடிப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? வடம் இழுக்கும் போட்டியில் எதிர்ப்பக்கம் ஆள் இழுத்தால்தான் வடம் விறைக்கும். இங்கும் அப்படியே: இணைகள் எதிரெதிர் துருவங்களோடு மாட்டியிருந்தால் மட்டும் விறைப்பு வரும், விறைப்பு வந்தால்தான் இழைகளின் இணைப்பு நிலைக்கும். இரண்டும் ஒரே துருவத்தோடு மாட்டிக்கொண்டால் விறைப்பில்லை, இணைப்பு தளர்ந்து விட்டு மறுபடி மாட்டும். புரூஸ் நிக்லாஸ் வெட்டுக்கிளியின் உயிருள்ள விந்துத் தாய் செல்லுக்குள் மெல்லிய கண்ணாடி ஊசியை விட்டு, தவறாக மாட்டிய ஜோடியைத் தானே இழுத்துப் பிடித்து விறைப்பு உண்டாக்கினார். அந்தத் தவறான இணைப்பும் நிலைத்து நின்றது. 1969-இல் வெளிவந்த இந்தச் சோதனையை நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விடுவதில்லை. கயாஸ்மா இல்லாத ஜோடிக்கு விறைப்பு கிடையாது. அது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு உத்தரவாதமும் கிடையாது. குறுக்கேற்றம் பண்புகளைக் கலப்பதற்கு மட்டும்தான் என்று படித்தவர்கள் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பெரும்பாலான உயிர்களில் குரோமோசோம்கள் சரியாகப் பிரிவதற்கே அது வேண்டும்.

எட்டு ஜோடியில் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது மற்ற ஏழையும் பொறுத்ததல்ல. வெங்காயத்தில் இதனால் மட்டும் 256 விதச் சேர்க்கை. மனிதரில் 23 ஜோடிக்கு 83,88,608. எலினார் கரோத்தர்ஸ் 1913-இல் வெட்டுக்கிளிகளில், இணைகள் ஒன்றுக்கொன்று அளவில் வேறுபட்டிருந்த ஜோடிகளை வைத்து, இதைக் கண்ணால் பார்த்தே காட்டினார்.

இனி முதல் அனாஃபேஸ். இது சீக்கிரம் முடிந்துவிடும் நிலை என்பதால் அரிதாகவே சிக்கும். மெட்டாஃபேஸ் நிறைந்த ஸ்லைடு கிடைத்தால் அதை விடாதீர்கள். அதே ஸ்லைடின் ஒரு மூலையிலோ, அதே பூவின் இன்னொரு பையிலோ அனாஃபேஸ் இருக்க வாய்ப்பு அதிகம். கிடைத்ததும் ஆயில் லென்ஸைப் போட்டு ஒரே ஒரு குரோமோசோமை மட்டும் உற்றுப் பாருங்கள். சென்ட்ரோமியர் முன்னால் போகிறது. அதன் பின்னால் இழுபட்டு வருவது இரண்டு புயங்கள் இல்லை, நான்கு. இரண்டு குரோமாட்டிட்களின் புயங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, கால் பரப்பினாற்போல் தனித்தனியாகத் தெரியும். சென்ட்ரோமியரில் மட்டும் ஒட்டியிருக்கும். அந்த நான்கு புயங்களைக் கண்ணால் பார்த்துவிட்டால் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

என்ன நடந்தது? செப்பரேஸ் என்ற நொதி புயங்களில் இருந்த கொஹீசினை வெட்டிவிட்டது. அதனால்தான் கயாஸ்மாக்கள் நழுவின, இணைகள் பிரிந்தன, குரோமாட்டிட்களின் புயங்களும் விலகின. சென்ட்ரோமியர் பக்கத்தில் இருந்த கொஹீசினை மட்டும் அது வெட்டவில்லை. ஷுகோஷின் என்ற புரதம் அங்கே காவல் நிற்கிறது. ஒரே கட்டு, இரண்டு தவணையில் அவிழ்க்கப்படுகிறது: முதலில் புயம், அடுத்த பகுப்பில் சென்ட்ரோமியர். மியாசிஸுக்கும் மைட்டாசிஸுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பக்கம் எழுதச் சொன்னால் நான் இதைத்தான் முதல் வரியில் எதிர்பார்ப்பேன்.

எண்ணிக்கையில் குழம்புகிறவர்கள் சென்ட்ரோமியரை எண்ணுங்கள். குரோமாட்டிட் எத்தனை இருந்தாலும் ஒட்டியிருக்கும் ஒரு சென்ட்ரோமியர் பகுதிக்கு ஒரு குரோமோசோம். பகுப்புக்கு முன் 16 குரோமோசோம், 32 குரோமாட்டிட். முதல் பகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு செல்லிலும் 8 குரோமோசோம், 16 குரோமாட்டிட். எண்ணிக்கை பாதியானது இங்கேதான். இரண்டாம் பகுப்பு முடிந்ததும் 8 குரோமோசோம், 8 குரோமாட்டிட். இடையில் டி.என்.ஏ. மறுபடி இரட்டிப்பாவதில்லை.

முதல் பகுப்பு முடிந்ததும் வெங்காயத்தில் நடுவே சுவர் எழும்பிவிடும். ஒருவித்திலைத் தாவரங்கள் பெரும்பாலும் அப்படித்தான். அதனால் இரண்டு அரைவட்டங்கள் ஒட்டியது போன்ற செல்கள் தெளிவாகத் தெரியும். இரண்டாம் பகுப்பைத் தேட இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. இரு பாதியிலும் தனித்தனியாக மெட்டாஃபேஸ், தனித்தனியாக அனாஃபேஸ். இப்போது ஒவ்வொரு குரோமோசோமுக்கும் பின்னால் இரண்டு புயங்கள்தான், ஆங்கில 'வி' எழுத்து போல. காவல் போய்விட்டது, சென்ட்ரோமியரில் எஞ்சியிருந்த கொஹீசினும் வெட்டுப்பட்டுவிட்டது. கடைசியில் நான்கு செல்கள் ஒரே உறைக்குள் சேர்ந்திருக்கும் டெட்ராட். உறை கரைந்ததும் நான்கும் தனித்தனி மகரந்தத்தூள்களாகும். இந்த நிலைகளில் புதிதாக விளக்க அதிகம் இல்லை. முதல் பகுப்பு புரிந்திருந்தால் இது தானாக விளங்கும்.

நல்ல ஸ்லைடு கிடைத்தால் ஓரங்களில் நெயில் பாலிஷ் தடவி மூடி வையுங்கள், சில நாள் காயாமல் இருக்கும். போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் கையால் வரைவதை விட்டுவிடாதீர்கள். நான்கு புயத்தை வரையும்போதுதான் நான்காவது எங்கே என்று தேடுவீர்கள்.

பிடிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். மனிதரில் 21-ஆம் குரோமோசோம் மூன்று இருந்தால் டவுன் சிண்ட்ரோம் என்பதை 1959-இல் ஜெரோம் லெஜூன் குழுவினர் வெளியிட்டார்கள். பெரும்பாலும் கருமுட்டையின் முதல் பகுப்பில்தான் இந்தப் பிசகு நேர்கிறது. பெண் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைத் தாய் செல்கள் மியாசிஸைத் தொடங்கி ப்ரோஃபேஸில் நின்றுவிடுகின்றன. பருவமடைந்த பிறகு, பல வருடம் கழித்துத்தான் தொடர்கின்றன. அத்தனை வருடமும் அந்த கொஹீசின் கட்டுகள் தாங்க வேண்டும். தாயின் வயது கூடக்கூட இந்தப் பிசகு கூடுவதற்கு அக்கட்டுகள் தளர்வது ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதை வகுப்பில் சொல்லும்போது நிதானமாகச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் வீட்டில் அப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். இது யார் செய்த தவறும் அல்ல.

ஸ்லைடிலேயே பிசகைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வாழை இருக்கிறது. பூவன், மொந்தன், ரோபஸ்டா எல்லாமே மும்மடியங்கள்: 11-க்குப் பதினொன்றாக மூன்று தொகுதி, மொத்தம் 33 குரோமோசோம்கள். இரண்டு சேர்ந்தால் ஒன்று தனியாகிவிடும். சில சமயம் மூன்றும் கோத்துக்கொள்ளும். தனியாக நின்றதற்கு எதிர்ப்பக்கம் இழுக்க ஆளில்லை. நாம் சாப்பிடும் வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கு இது ஒரு பெரிய காரணம். (கருவுறாமலே காய்க்கும் தன்மை இன்னொன்று.) வாழைப்பூவை ஆயும்போது மேல் மடல்களைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, நடுவே கடைசியில் மிஞ்சும் வெள்ளைக் குருத்தில் இருக்கும் மிகச் சின்ன ஆண் மொட்டுகளை மேலே சொன்ன திரவத்தில் போடுங்கள். குரோமோசோம்கள் வெங்காயத்தை விட மிகச் சிறியவை, அதனால் ஆயில் லென்ஸ் இல்லாமல் நடக்காது. முதல் அனாஃபேஸில் இரு துருவத்துக்கும் சேராமல் நடுவில் பின்தங்கி நிற்கும் புள்ளிகளைத் தேடுங்கள். டெட்ராட்களில் நான்கு பெரிய நியூக்ளியஸ்களுக்குப் பக்கத்தில் குட்டி நியூக்ளியஸ்கள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். அவை வழியில் விடுபட்ட குரோமோசோம்கள்.